பொட்டு வைத்த டப்பா

14.7.82, புதன்

கிளை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இரண்டு வருஷம். மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் கறையான். வரலாறு முழுவதையும் வெளியே எடுத்து வெயிலில் பரப்பினேன்.

காலையில் அம்மா கன்றுக்குட்டியிடம் சொன்னாள்: "பேரையூர் போறவுகளுக்குத் தூக்குவாளியில சோறு இருக்குன்னு சொல்லு." கன்றுக்குட்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். 'போறவுக.' மரியாதையெல்லாம் பலமாகத்தான் இருக்கிறது.

நான் அழவில்லை. அதுதான் விஷயம். எழுதினால் ஒரு வரிதான் வருகிறது.

மார்ச் பதினொன்று, வியாழக்கிழமை. தம்பி மருது, இருபது வயது, ஈரக் கையோடு கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டான். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது தலைமுடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள் அம்மாவைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். வருகிறவள் ஒவ்வொருத்தியும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அடுத்தபடியாக என்னைத் தேடினாள். அந்த வட்டத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். நானோ வாசலில் வந்தவர்களின் செருப்புகளை மிதிபடாமல் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஜோடி சேர்ப்பது அப்போது ரொம்ப முக்கியமாக இருந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். "அழுடி" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். "ஒந்தம்பிடி. அழு."

வரவில்லை. பதினாறாம் நாள் வரை சொல்லிப் பார்த்தாள். பதினேழாம் நாளிலிருந்து எனக்குச் சொல்வதெல்லாம் கன்றுக்குட்டியிடம்தான்.

16.7.82, வெள்ளி

மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். சிமெண்டுத் தளத்தில் போல்ட் இருந்த நான்கு துளைகள். அய்யா அதில் மண்ணைப் போட்டு அடைத்தார்.

19.7.82, திங்கள்

மோட்டார் இல்லாததால் அய்யா குடம் குடமாக இறைத்துக் கத்திரிச் செடிக்கு ஊற்றுகிறார். காய்க்கத்தான் செய்கிறது. பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார். வீட்டில் சமைப்பதில்லை.

மருது இருந்தவரை வாரத்தில் நான்கு நாள் கத்திரிக்காய்தான். நான்கு நாளும் கொல்லை வழியாக வந்து, கால் கழுவாமல், சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவோடு சண்டை. அவனுக்கு அது ஆகவே ஆகாது. இப்போது சண்டை போட ஆள் இல்லை. அம்மா வெறும் பருப்பை வேகவைக்கிறாள்.

28.7.82, புதன்

பழைய வாரப் பத்திரிகைகளை பைண்டிங்குக்கு அடுக்கும்போது மே மாத இதழ் கையில் வந்தது. 'துலாக்கோல்' எழுதும் பட விமர்சனப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. ஏற்கெனவே ஒருமுறை அழுத்தி மடித்தவள் நான்தானே.

துலாக்கோல் யார் என்று யாருக்கும் தெரியாது. நல்ல தமிழ் எழுதுவார். ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் ஒரே ஒரு சொல்: 'பார்க்க' அல்லது 'தவிர்க்க'. கல்லூரி நாளிலிருந்து நான் அவர் கட்சி. மருதுவுக்கு அவர் பெயரைச் சொன்னாலே ஆகாது. "துலாக்கோலு இல்லக்கா, தொடப்பக்கட்டை" என்பான்.

அவனுக்குச் சண்டைப் படம் போதும். மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நான் கையில் புத்தகம் வைத்திருக்கும்போது எதிரில் தலையணையை நிறுத்தி, ஒரு சண்டையை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டுவான். அடிக்கிறவன், அடி வாங்குகிறவன், உடையும் மேஜை, பின்னணி இசை எல்லாம் அவனே. நான் பக்கத்தைப் புரட்டுவேன். "கேக்குறியாக்கா?" "கேக்குறேன்." "இல்ல, நீ படிக்கிற."

பிப்ரவரியில் 'வேங்கைக்கு வேலியில்லை' என்று போஸ்டர் வந்தது. "சித்திரை ஒண்ணுக்கு ரிலீஸுக்கா. ரெண்டு பேரும் மதுரைக்குப் போவோம். ஒரே ஒரு தடவை வா." நான் சொன்னேன்: "துலாக்கோல் 'பார்க்க'ன்னு எழுதட்டும், வாரேன்."

சித்திரை ஒன்றுக்குப் படம் வந்தது. அவன் இல்லை. மே மாதம் துலாக்கோல் எழுதினார்: 'கதை என்ற வேலி இந்த வேங்கைக்கும் இல்லை. பதினெட்டுப் பேரை ஒரே ஆள் அடிக்கிறார், பத்தொன்பதாவதாக நம்மை. தவிர்க்க.'

அன்றைக்கு அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. 'பார்க்க' என்று எழுதியிருந்தால் நான் போயாக வேண்டுமே. அந்த நிம்மதியை நினைத்தால் இன்று கூசுகிறது. கூசுகிறது என்று எழுதுகிறேன். உண்மையில் அதுவும் தூரத்தில்தான் இருக்கிறது.

11.8.82, புதன்

ஐந்து மாதம். மழை இல்லை.

18.8.82, புதன்

நூலகத்தின் வெளிச்சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளி முதல் நமது கொட்டகையில் 'வேங்கைக்கு வேலியில்லை'. மதிய ஆட்டம் உண்டு.

ஹாலாஸ்யம் சார் வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் முதல் ஆளாக வந்து பத்திரிகைகளை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார். "சரஸ்வதி இருக்கற சுவத்துல ஒட்டியிருக்கான் பாரும்மா. துலாக்கோல் கிழிச்சாரே, அதே படம்தானே?"

"ஆமா சார்."

"கிழிச்சுப் போட்டுடு."

அவர் போஸ்டரைச் சொன்னார். நான் பசை காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

20.8.82, வெள்ளி

போய்விட்டு வந்தேன்.

வெள்ளி எனக்கு விடுமுறை. கணக்கெடுப்பு வேலை இருக்கிறது என்று அய்யாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். துக்கம் நடந்த வீடு. வருஷம் திரும்பும்வரை நல்லது கெட்டதுக்குக்கூட யோசித்துத்தான் போக வேண்டும். நான் சினிமாவுக்குப் போனேன். பயமாக இருந்ததா? இல்லை. எதுவுமாகவும் இல்லை. அவனிடம் சொன்ன ஒரு பேச்சை முடித்துவிட்டு வரலாம் என்று போனேன். தபாலாபீஸுக்குப் போவது மாதிரி.

தகரக் கூரை. மத்தியான வெயிலில் உள்ளே அடுப்பு. பெண்கள் பக்கம் இருபது பேர் இருப்போம். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நூறு பேருக்குக் குறையாது. உட்கார்ந்து பார்த்தால் இரண்டு வரிசை முன்னால் முத்துத்தாய் அத்தை. அய்யாவின் தங்கை. முக்காட்டை இழுத்துவிட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். திரும்பினாள். பார்த்தாள். எழுந்து என் பக்கம் வந்து காதில் சொன்னாள்: "நீ என்னையப் பாக்கல. நான் ஒன்னையப் பாக்கல. சரியா ஆத்தா?" பாதி முறுக்கைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

படம். துலாக்கோல் சொன்ன அத்தனையும் உண்மை. கதாநாயகன் எப்போதும் கதவைத் திறப்பதே இல்லை, உடைத்துக்கொண்டுதான் வருகிறான். வில்லன் வீட்டில் காரணமில்லாமல் ஒரு புலிக்குட்டி. பதினெட்டுப் பேர், நானும் எண்ணினேன், சரியாகப் பதினெட்டு. லாரி ஷெட்டில் டயர்களை உருட்டி உருட்டி அடிக்கிறான். ஒருவன் எண்ணெய் டின்னுக்குள் தலைகீழாகப் போகிறான், கால் மட்டும் ஆடுகிறது. நான் சிரித்தேன். சத்தமாக. பக்கத்திலிருந்த அம்மாள் விசிறியை என் பக்கமும் திருப்பி வீசினாள், என்னவோ நாங்கள் சேர்ந்து வந்தவர்கள் மாதிரி.

நாயகனுக்கு ஒரு தம்பி, ராசு. இடைவேளைக்குப் பிறகு வில்லன் ஆட்கள் அவனை ரயில் பாலத்தடியில் குத்திக் கொன்றுவிடுகிறார்கள். சிதைக்கு நெருப்பு வைக்கிறார்கள். கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சல். எனக்கு ஒன்றும் இல்லை. விறகு அடுக்கியிருந்த விதம் சரியில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த காட்சி. வீடு. கொல்லைக் கதவு திறக்கிறது.

ராசு வருகிறான்.

ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, சட்டை வெளியே தொங்க, கால் கழுவாமல் நேரே அடுப்படிக்கு. சட்டியின் மூடியை எடுத்துப் பார்க்கிறான். "இன்னைக்கும் கத்திரிக்காயா?"

கொட்டகை ஒரு நொடி மூச்சே விடவில்லை. பிறகு, அப்பா! தகரம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். "டேய் வந்துட்டான்டா!" "சாகலடா மாப்ள, சாகல!" "எரிச்சது வேற எவனையோடா!" யாரோ துண்டைத் தூக்கி எறிந்தார்கள். முத்துத்தாய் அத்தை பெஞ்சின் மேல் ஏறி நின்று "எஞ்சாமி, எஞ்சாமி" என்கிறாள். நானும் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன்? தொண்டை எரிந்தது, அதனால்தான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. என்ன கத்தினேனோ.

அதன் பிறகு நாயகன் தம்பியின் சாவுக்குப் பழி வாங்குவதாகச் சபதம் செய்து ஒவ்வொருவனாக அடிக்கிறான். தம்பிதான் வீட்டில் இருக்கிறானே, ஏன்? பின்வரிசையில் ஒருவர் விளக்கினார்: "எதிரிய ஏமாத்துறான்யா. தம்பிய ஒளிச்சு வச்சிருக்கான்." எல்லோரும் ஒத்துக்கொண்டோம். கடைசிவரை ராசு மறுபடி வரவில்லை. வரத் தேவையில்லை. வீட்டில் பத்திரமாக இருக்கிறான்.

எனக்குப் படம் பிடித்திருந்தது.

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். எனக்குப் படம் பிடித்திருந்தது.

21.8.82, சனி

மே மாத விமர்சனத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். ஒரு வாக்கியத்திலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. புலிக்குட்டி, கதவு, பதினெட்டுப் பேர் எல்லாம் அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் ராசு திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எப்படி விட்டார்? அந்த நேரம் குறிப்பெடுக்கக் குனிந்துவிட்டாரா?

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் துலாக்கோலிடம். வேடிக்கைதான்.

கடிதம் எழுதினேன். நான்கு தடவை அடித்து எழுதினேன். இறந்த தம்பி கொல்லை வழியாக வரும் காட்சி ஒன்றுக்காகவே இந்தப் படத்துக்குத் தராசில் ஒரு குன்றிமணியாவது வைத்திருக்கலாம், உயிரோடு இருக்கிற தம்பிக்காகவும் ஒருவன் செத்தவனுக்காகப் போலச் சண்டை போடலாம் என்பது சாதாரண எண்ணமா, இப்படி. கீழே பெயர் போடவில்லை. 'ஒரு வாசகி, பேரையூர்.'

23.8.82, திங்கள்

தபாலில் போட்டேன். போட்ட கையை எடுக்க மனமில்லாமல் பெட்டி வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

2.9.82, வியாழன்

அம்மா கன்றுக்குட்டியிடம்: "பித்தான் அறுந்த ரவிக்கைய எங்க போட்டாகன்னு கேளு, தச்சு வைப்போம்." நான் கன்றுக்குட்டியிடம்: "கொடியில கிடக்குன்னு சொல்லு." அய்யா எழுந்து வெளியே போய்விட்டார்.

15.9.82, புதன்

பத்திரிகை வந்தது. கட்டைப் பிரிப்பதற்குள் ஹாலாஸ்யம் சார் வந்துவிட்டார். முதல் பிரதி அவர் கைக்குத்தான் போகும், அது வழக்கம். நான் தேதி முத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அட! நம்மூரும்மா! 'ஒரு வாசகி, பேரையூர்'. பொம்மனாட்டி ஒருத்தி துலாக்கோலுக்கே பாடம் நடத்தியிருக்கா. கேளேன்."

உரக்க வாசித்தார். என் வாக்கியங்கள் அவர் குரலில் மெலிந்துபோய் வந்தன. பிறகு கட்டம் கட்டிப் போட்ட துலாக்கோலின் பதில்: 'பேரையூர் வாசகி எந்தப் படத்தைப் பார்த்தாரோ அறியோம். நாம் பார்த்த படத்தில் கொல்லப்பட்ட தம்பி கடைசிவரை கொல்லப்பட்டவனே. கத்திரிக்காய்க் காட்சி அவன் சாவதற்கு முன்பே வந்துவிடுகிறது. வாசகி இடைவேளையில் உறங்கிக் கனவு கண்டிருக்கக்கூடும். இத்தகைய ரசிகர்கள் உள்ளவரை இத்தகைய படங்களுக்குச் சாவே இல்லை.'

சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சாவே இல்லையாம்! என்ன பேனாம்மா! யாரா இருக்கும் இது? பஞ்சாயத்து ஸ்கூல் டீச்சரா?"

"தெரியல சார்."

"தூங்கிட்டு லெட்டர் வேற போட்டிருக்கா பாரு, பாவம்."

நான் அடுத்த இதழில் முத்திரை குத்தினேன். அதற்கடுத்ததில் குத்தினேன். பிறகு பார்த்தால் மேஜைமேல் குத்திக்கொண்டிருந்தேன்.

தூங்கினேனா? நூறு பேர் கத்தினார்களே. அத்தை பெஞ்சில் ஏறினாளே. நான் — எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? அழ வேண்டிய இடத்தில் செருப்பு அடுக்கினவள், கனவு கண்டிருக்க மாட்டாளா என்ன.

17.9.82, வெள்ளி

கொட்டகைக்குப் போனேன். ஆட்டம் இல்லாத நேரம். ஆபரேட்டர் மொக்கைச்சாமி வாசலில் பாய் போட்டு அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். "வாங்க லைப்ரரியம்மா" என்று எழுந்தார். அவருக்கும் நூலக அட்டை உண்டு. துப்பறியும் கதைகள் எடுப்பார்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல், 'வேங்கை'யில் அந்தத் தம்பி செத்த பிறகு வருவானா என்று கேட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க அந்த மதிய ஆட்டம் பாத்தீகளா? மொத நா?"

"ஆமா."

"அய்யய்யோ. யார்ட்டயும் சொல்லாதீகம்மா. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்."

விஷயம் இதுதான். கொட்டகை முதலாளிக்கு எட்டு ஆகாது. சனியின் எண்ணாம். அவர் கொட்டகையில் எட்டாம் நம்பர் சீட்டு இல்லை, எட்டாவது வரிசை இல்லை. படப்பெட்டி வந்து இறங்கியதும் எட்டாவது ரீல் இருக்கிற டப்பாவில் நம்பரைச் சுரண்டிவிட்டுக் குங்குமப் பொட்டு வைக்கச் சொல்வார். மொக்கைச்சாமிக்கு அது பழக்கம். ஏழு, பொட்டு, ஒன்பது என்று ஓட்டிக்கொண்டு போவார். அன்று மட்டும் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மச்சினன் விருமாண்டியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்தப் பய பொட்டு வச்ச டப்பாவப் பாத்திருக்கான். பூசைக்கு வச்சது போலன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஓரமா வச்சுட்டான். ஏழு முடிஞ்சு ஒம்பது, பத்து. அப்புறம் மனசு கேக்காமத் தெறந்து பாத்தா உள்ள பிலிமு. என்ன செய்வான்? சொருவிட்டான். அப்பறம் பதினொண்ணு."

"ஒருத்தரும் கண்டுபிடிக்கலையா?"

"ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல ஒண்ணு இல்லைன்னு அந்தப் படத்துல எவனுக்கும்மா தெரியும்? ஆனா ஒண்ணு. சாயங்கால ஆட்டத்துக்கு நான் வந்து ஒழுங்கா ஓட்டுனேன்ல? மதியம் பாத்துட்டு மறுபடி டிக்கெட் எடுத்த பத்துப் பதினஞ்சு பேரு ஒரே ரகளை. 'தம்பிய எங்கடா? மதியம் வந்தான்ல, இப்ப ஏன்டா வரல'ன்னு. தொரத்தி விடுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

திரும்பி நடந்தேன். அப்படியென்றால் துலாக்கோல் பொய் சொல்லவில்லை. நானும் தூங்கவில்லை. உலகத்திலேயே நூற்றிச் சொச்சம் பேர், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், விருமாண்டி கும்பிட்டு வைத்த அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். அதற்கு விமர்சனம் எழுத ஆள் இல்லை.

பதில் எழுதலாமா என்று நினைத்தேன். மொக்கைச்சாமி வேலை போய்விடும். வேண்டாம். தூங்கினவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

19.9.82, ஞாயிறு

முத்துத்தாய் அத்தை உளறிவிட்டாள். ஒரு மாதம் அடக்கிவைத்ததே அவளுக்குப் பெரிது. உலக்கை இரவல் வாங்க வந்தவள் அம்மாவிடம், "மதினி, செத்த பய கொல்ல வழியா வந்து நின்னான் பாருங்க, எனக்கு நம்ம மருது நெனப்பு வந்துருச்சு. ஒங்க மவளும் எந்திரிச்சு நின்னு 'வாடா வாடா'ன்னு கத்துனா" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு உலக்கையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

வாடா என்றா கத்தினேன்.

நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்றுக்குட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"படத்துக்குப் போனியா?"

ஆறு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"போனேன்."

"எம்புள்ள செத்து வருசம் திரும்பல. ஒரு சொட்டு கண்ணீர் விடல நீ. சினிமாக் கொட்டாயில எந்திரிச்சு நின்னு கத்துனியா? அம்புட்டுக் கல்லாடி நீ? படிச்சா இப்படித்தான் ஆகுமா?"

அய்யா, "ஏ ஒச்சாயி, விடு" என்றார். அம்மா விடவில்லை.  சொல்ல வாய் திறந்தால் புலிக்குட்டி, லாரி ஷெட், பொட்டு வைத்த டப்பா எல்லாம் வரிசை இல்லாமல் வரும் போலிருந்தது. "அவன் கூப்ட படம்மா" என்று மட்டும் சொன்னேன். "வாரேன்னு சொல்லியிருந்தேன்."

அம்மா நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.  பிறகு வேறு குரலில், கடையில் விலை கேட்கிற மாதிரி:

"வந்து என்ன சொன்னான்?"

"யாரு?"

"செத்துட்டு வந்தவன்."

"சட்டியத் தொறந்து பாத்துட்டு... இன்னைக்கும் கத்திரிக்காயான்னு கேட்டான்."

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு என்னிடமும் பேசவில்லை, கன்றுக்குட்டியிடமும் பேசவில்லை.

24.9.82, வெள்ளி

பேச்சே இல்லாத வீடு. தூக்குவாளி மட்டும் தினமும் இடத்தில் இருக்கிறது.

30.9.82, வியாழன்

பழைய இதழ்களை பைண்டிங்குக்குக் கொடுக்க மதுரை போனேன். செல்லூரில் பைண்டிங் கடை. சந்து முழுக்கத் தறிச் சத்தம். பேசினால் காது பக்கம் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். "மூணு மணி நேரம் ஆகும், வெளிய போயிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். சந்து முனையில் ஒரு பழைய தியேட்டர். வெயிலில் நீலம் போன அதே போஸ்டர். காலைக் காட்சி.

ஒழுங்கான வரிசையில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதவு உடைந்தது. புலிக்குட்டி வந்தது. கூட்டம் இல்லை. ஏழாவது ரீல் எது என்று தெரியாது, ஆனாலும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கொல்லைக் கதவு திறந்தது. ராசு வந்தான். "இன்னைக்கும் கத்திரிக்காயா?"

ஒருத்தரும் கத்தவில்லை. முன்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். சாதாரணமாக வீட்டுக்கு வருகிற ஒரு பையன், சாதாரணமாக ஒரு குழம்பு. இதைத்தான் துலாக்கோல் பார்த்திருக்கிறார். இதில் எழுத என்ன இருக்கிறது?

அந்த மார்ச் பத்தாம் தேதி, புதன்கிழமை, சாவுக்கு முந்தின நாள், மருதுவும் சட்டியைத் திறந்தான். நான் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. அது எந்த ரீல் என்று யாருக்குத் தெரியும்?

இன்னும் இரண்டு ரீல். இருபது நிமிஷம் இருக்கிறது அவனுக்கு. பாலத்தடி வருவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். டிக்கெட் கிழிக்கிறவர், "என்னம்மா, நல்லால்லையா?" என்றார். "நல்லாருக்கு" என்றேன். "அப்புறம் ஏன் போறீக?"   தறிச் சத்தத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

3.10.82, ஞாயிறு

சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் விட்டு இறங்கினேன். முன்வாசலில் நெல் காயப் போட்டிருந்தது. அதனால் கொல்லை வழியாகப் போனேன். வேறு காரணம் இல்லை.

அடுப்படியில் யாரும் இல்லை. வாசனை வந்தது. எனக்கு உடனே புரியவில்லை. சட்டியின் மூடியை எடுத்தேன். எண்ணெய் மிதக்க, காம்போடு, முழுசு முழுசாக.

"இன்னைக்கும் கத்திரிக்காயா?"

நான்தான் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. திரும்பினால் அம்மா பின்னால், கையில் விறகோடு.

அடிப்பாள் என்று நினைத்தேன். விறகைக் கீழே வைத்தாள்.

"முத்துத்தாய் சொன்னா. பேரையூர்ல டப்பாவ மாத்திப் போட்டு ஓட்டிட்டாங்களாம்ல, ஓட்டுன பயலே ஊரெல்லாம் சொல்லித் திரியிறானாம்."

"ஆமாம்மா. ஒழுங்கா ஓட்டுனா அவன் வரமாட்டான்."

"மாத்திப் போட்டா என்ன. அம்புட்டுப் பேரும் பாத்தீகள்ல?"

"பாத்தோம்."

"வந்தான்ல?"

"வந்தாம்மா."

கால் கழுவவில்லை நான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எப்படி உட்கார்ந்தேன், யார் யாரை முதலில் பிடித்தது, தெரியாது. அம்மாவின் தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. ஆறு மாதத்துக்கு முன்னால் வட்டத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். என்னிடமிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா "அழு" என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கும் மூச்சு இல்லை.

அய்யா வாசல்வரை வந்தார். பார்த்தார்.  என் செருப்பு இரண்டும் கொல்லையில் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. குனிந்து எடுத்து ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுக் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

4.10.82, திங்கள்

"செல்லம், தூக்குவாளிய எடுத்துட்டுப் போ. நேத்து கொழம்புதான்."